புளித்த மாவும் சுருள் பட்டையும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்க நெருங்க நம் இல்லங்களில் அடுப்பங்கரை விழித்துக்கொள்கிறது. அதிரசத்துக்குப் பாகு காய்கிறது. முறுக்குக்கு மாவு அரைபடுகிறது. ஆயினும் ஒரு மாறுதலை நாம் சில ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். விழாவுக்கான பண்டம் என்றாலே அது நகரத்துக் கடையிலிருந்து அட்டைப் பெட்டியில் வந்து இறங்க வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றி வருகிறது. ஜவ்வாது மலைமேல் வாழும் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில், மடியில் கேக் பெட்டியை ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மாரை டிசம்பர் மாதத்தில் யாரும் காணலாம்.

வாங்குவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் செய்யத் தெரிந்தும் வாங்குவது வேறு; செய்யத் தெரியாமையால் வாங்குவது வேறு. வீட்டிலேயே எளிதில் செய்யத்தக்க ஒரு பண்டத்தைப் பற்றி இத்திங்களில் எழுத எண்ணினோம். ஈஸ்ட் இட்டுப் புளிக்கவைத்த மாவை அகல விரித்து, அதன்மேல் வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிச் சுட்டு, வில்லை வில்லையாக நறுக்கி எடுக்கும் இனிப்பு ரொட்டியே அது. வடஐரோப்பிய நாடுகளில் இது வீட்டுக்கு வீடு செய்யப்படும் பண்டம். சுவீடன் நாட்டில் 1999-ஆம் ஆண்டு முதல் அக்டோபர் 4-ஆம் நாளைப் பட்டை ரொட்டிக்குரிய நாளாகவே கொண்டாடுகிறார்கள்.

மேல்நாட்டுப் பண்டம் நமக்கெதற்கு என்று வாசகர் கேட்கலாம். இதன் உயிரான மணப்பொருள் நம் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையிலும், நம் மேற்குக் கரையிலும் விளைவது. இதற்குரிய புளிப்பு, ஆப்பம் சுடும் நம் தாய்மாருக்குப் புதியதன்று. இதனோடு சேர்க்கத்தக்க சாமையும் தேனும் நம் மலையிலேயே கிடைப்பவை. இவை போதாவென்றால் இன்னொரு காரணமும் உண்டு. பட்டை என்ற பெயரில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எது என்று அறிந்துகொள்வது பெற்றோர் கடமை. அதைப் பின்னர் விரித்துரைப்போம்.

மாவுக்குள் ஓர் உயிர்

ஒரு பெண் புளிப்பு மாவை எடுத்து மூன்று மரக்கால் மாவில் பிசைந்து வைத்த உவமையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. மத்தேயுவும் லூக்காவும் அதைப் பதிவு செய்துள்ளனர். அந்தப் பெண் தன் மாவுக்குள் மறைத்து வைத்தது எதனை என்பது அந்நாளில் எவருக்கும் தெரியாது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1857-ஆம் ஆண்டு முதலாகப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் மேற்கொண்ட ஆய்வுகளே, நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவின.

ஈஸ்ட் என்பது கண்ணுக்குப் புலப்படாத ஒருசெல் காளான். அது மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, கரியமில வாயுவையும் சிறிதளவு சாராயத்தையும் வெளியிடுகிறது. சாராயம் சூட்டில் ஆவியாகிப் போய்விடும். வாயுவோ மாவுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதனைச் சிறைப்படுத்தும் வலை எது? கோதுமையிலுள்ள புரதம் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது உண்டாகும் பசைச்சத்தே அவ்வலை. பரோட்டா போடுபவர் மாவைத் துணிபோல் வீசி விரிப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அவ்வாறு கிழியாமல் விரியும் தன்மையைத் தருவது இந்தப் பசைச்சத்துதான். குமிழிகள் அதனுள் பலூன்போல் பெருகுவதால் ரொட்டி உப்புகிறது. பிறகு சூடு பட்டதும் அந்த வடிவிலேயே இறுகி நிற்கிறது.

இட்டிலி மாவின் புளிப்பும் இதுவேயன்று. அரிசியும் உளுந்தும் சேர்ந்த மாவில் பெரும்பணி ஆற்றுபவை பாக்டீரியாக்கள்; அவை தரும் புளிப்புச் சுவையே இட்டிலியின் சுவை. ரொட்டிக்கு வேண்டுவது உப்புதல் மிகுதியும் புளிப்பு குறைவும் ஆகும். ஆகவே இட்டிலி மாவைச் சேர்த்து ரொட்டியை உப்பச் செய்யலாம் என்று முயல்வோர் ஏமாற்றமே அடைவர்.

நம் முன்னோர் ஈஸ்ட்டைப் பொட்டலத்தில் வாங்கியவர்கள் அல்லர். தென்னங்கள்ளில் அது இயற்கையாகவே வாழ்கிறது. கோவாவில் போர்ச்சுக்கீசியர் ரொட்டி சுடத் தொடங்கியபோது அந்நாட்டுக் கள்ளையே புளிப்பாகக் கொண்டனர். நம் ஊர்களிலும் ஆப்ப மாவுக்கு ஒரு கரண்டிக் கள் விடுவது வழக்கமாயிருந்தது. தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள் தடைசெய்யப்பட்ட பின் அவ்வழக்கம் மறைந்தது; காய்ந்த ஈஸ்ட் மணிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்று சொல்வதும், மும்பையில் 'பாவ்' என்று வழங்குவதும் போர்ச்சுக்கீசியச் சொல் ஒன்றன் எச்சங்களே.

பட்டையின் கதை

இனி மணத்துக்கு வருவோம். இலவங்கப்பட்டை விவிலியத்துக்கு அயலானதன்று. மோசே திருப்பொழிவு எண்ணெய் தயாரிக்கும்படி பணிக்கப்பட்ட இடத்தில் (விடுதலைப் பயணம் 30:23) நறுமணப் பட்டையும் இடம்பெறுகிறது. இனிமைமிகு பாடலிலும் அது வருகிறது. திருவெளிப்பாடு 18-ஆம் அதிகாரத்தில், வீழ்ந்த பாபிலோனுக்காக வணிகர்கள் அழும் சரக்குப் பட்டியலிலும் அது உண்டு. அப்பட்டியல் பொன், வெள்ளி, பட்டை, எண்ணெய், கோதுமை, ஆடு, குதிரை என்று தொடர்ந்து, இறுதியில் மனித உயிர்களையும் விலைப்பொருளாகச் சொல்லி முடிகிறது. பட்டையின் வரலாற்றை அறிந்தவர்க்கு அந்த முடிவு நெஞ்சைச் சுடும்.

உண்மையான பட்டையின் தாயகம் இலங்கை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற போர்ச்சுக்கீசியர், கோட்டை அரசரிடமிருந்து ஆண்டுதோறும் பட்டையைத் திறையாகப் பெற்றனர். பட்டை உரிக்கும் தொழில் ஒரு குறிப்பிட்ட சாதியாரின் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. அக்கடமையிலிருந்து அவர்கள் விலக இயலாது. 1658-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது போர்ச்சுக்கீசியரின் ஆட்சி அத்தீவில் முடிவுற்றது. கரையோரம் முழுதும் டச்சுக்காரர் வசமாயிற்று. பட்டை மரத்துக்குச் சேதம் விளைவிப்போருக்கும் கள்ளத்தனமாக விற்போருக்கும் அவர்கள் மரண தண்டனை வரை விதித்தனர். அவர்கள் காலத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு அத்தீவில் இடமில்லை. 1687-இல் தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் சேர்ந்தவர் கோவா நாட்டுக் குருவான யோசேப்பு வாஸ். மறைந்திருந்த மந்தையைத் தேடித் தேடி மேய்த்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14 அன்று கொழும்பில் புனிதராக அறிவித்தார். வணிகர் பட்டையைத் தேடிப் போன தீவுக்கு, இவர் மக்களைத் தேடிப் போனார்.

நம் நாட்டிலும் பட்டைத் தோட்டம் உண்டு. கேரளத்தின் கண்ணூருக்கு அண்மையிலுள்ள அஞ்சரக்கண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்ட தோட்டம் புகழ்பெற்றது. அதனோடு பிணைந்த ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. தலச்சேரியில் 1880-ஆம் ஆண்டில் ராயல் பிஸ்கட் பாக்டரி என்னும் கடையைத் தொடங்கியவர் மாம்பள்ளி பாபு. 1883-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னர், அஞ்சரக்கண்டித் தோட்டத்தின் உரிமையாளரான பிரவுன் துரை இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொடுத்து, இதுபோல் செய்து தர இயலுமா என்று கேட்டாராம். மாகியிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கும்படியும் சொன்னாராம். பாபுவோ முந்திரிப் பழமும் கதலிப் பழமும் சேர்ந்த உள்ளூர்ப் பானம் ஒன்றைக்கொண்டு மாவைப் பதப்படுத்தினார். துரை சுவைத்து மகிழ்ந்து மேலும் ஒரு டசன் கேக்குக்குச் சொல்லிவிட்டார். அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் இவ்வரலாறு, இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கின் வரலாறாகப் பேசப்படுகிறது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. அயல்நாட்டு முறையைக் கற்றவர், உள்ளூரில் கிடைத்ததைக் கொண்டு அதைத் தமதாக்கிக்கொண்டார்.

எது உண்மைப் பட்டை?

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார் கவனமாகப் படிக்க வேண்டும். நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது இலங்கையின் உண்மைப் பட்டையன்று. சீனம், வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வரும் 'காசியா' என்னும் மற்றொரு மரத்தின் பட்டை. இரண்டும் ஒரே இனத்து உறவு மரங்கள். மணமும் ஏறத்தாழ ஒன்றே. விலைதான் பெரிதும் வேறுபடுகிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் இவ்விரண்டுக்கும் தனித்தனித் தரம் வகுத்துள்ளன. ஒன்றை மற்றொன்றின் பெயரால் விற்பது முறையாகாது. எனினும் சில்லறைக் கடையில் இந்த வேறுபாட்டைக் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

கண்ணால் பார்த்தே வேறுபாட்டை அறியலாம். உண்மைப் பட்டை காகிதம்போல் மெல்லியது. பல ஏடுகள் ஒன்றினுள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டுப்போல் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம். விரலால் அழுத்தினால் நொறுங்கும். இனிய மென்மணம் உடையது. கடைக்காரர் இதனைச் 'சுருள் பட்டை' என்பர். காசியாவோ மரச்சிராய்போல் தடித்த ஒரே பட்டை, கருஞ்சிவப்பு கலந்த நிறம், எளிதில் உடையாது, நாவில் காரமாக உறைக்கும். தூளாகிவிட்ட பின் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தூளாக வாங்காமல், சுருளாக வாங்கி வீட்டில் இடித்துச் சலித்துக்கொள்வதே நல்லது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? காசியாப் பட்டையில் 'கூமரின்' என்னும் பொருள் மிகுதியாக உண்டு. நாள்தோறும் அதிக அளவில் உட்கொண்டால் சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும். உண்மைப் பட்டையில் அது மிக மிகக் குறைவு. ஒருவர் தம் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிகிராம் கூமரினை வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. காசியாத் தூளில் கிராமுக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராம் கூமரின் இருப்பதாக ஜெர்மானிய ஆய்வுகள் கண்டன.

இதனை நம் அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்து கணக்கிட்டுப் பார்ப்போம். கீழே நாம் தரும் அளவின்படி 20 வில்லைகளுக்கு 10 கிராம் பட்டைத்தூள்; அதாவது வில்லைக்கு அரை கிராம். அது காசியாவாக இருந்தால் ஒரு வில்லையில் சுமார் 1.5 மில்லிகிராம் கூமரின். 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு ஒருநாள் வரம்பு 2 மில்லிகிராம். ஒரு வில்லை தின்றால் வரம்புக்குள். இரண்டு தின்றால் வரம்பு கடந்துவிடும். 60 கிலோ எடையுள்ள தந்தைக்கோ நான்கு வில்லைகள் வரை தாங்கும். விழா நாளில் ஒருமுறை மிகுதியாகத் தின்றதால் தீங்கு வந்துவிடாது, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உடலுக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு, நாள்தோறும் கரண்டிக் கணக்கில் பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து பருகுவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். கல்லீரல் நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்யலாகாது.

இது வீண் அச்சமன்று என்பதற்கு டென்மார்க் சான்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு விதிப்படி, பட்டை சேர்ந்த பாரம்பரிய அல்லது பருவகாலப் பண்டங்களில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரையும், மற்ற இனிப்பு ரொட்டிகளில் 15 மில்லிகிராம் வரையுமே கூமரின் இருக்கலாம். 2013-ஆம் ஆண்டின் இறுதியில், நாள்தோறும் விற்கும் பட்டை ரொட்டி விழாப் பண்டமாகாது என்று டென்மார்க் அதிகாரிகள் கூற, ரொட்டிக்காரர்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டில் அரசு இறங்கி வந்து, அதனைப் பாரம்பரியப் பண்டமாகவே ஏற்றுக்கொண்டது. ஒரு சிட்டிகைத் தூளுக்காக ஒரு நாடே வழக்காடியது!

மலைக்கு ஏற்ற மாவு

ஜவ்வாது மலைத்தொடர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள இடம் கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். இவ்வுயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே, ஏறத்தாழ 97 அல்லது 98 பாகையில், கொதித்துவிடுகிறது. ரொட்டி சுடுவோர்க்கு இதனால் பெரிய இடரில்லை. உண்மையான இடர் மார்கழிக் குளிர். ஈஸ்ட் இன்பமாக வேலை செய்வது 25 முதல் 35 பாகை வெப்பத்தில். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் இரட்டிக்கும் மாவு, மலையில் இரண்டரை மணி நேரம்கூடக் கேட்கும்.

இதற்கு வழி இரண்டு. அடுப்பின் வெதுவெதுப்புக்கு அருகில் மூடி வைப்பது ஒன்று. மற்றொன்று குளிரையே துணையாக்கிக்கொள்வது: இரவில் மாவைப் பிசைந்து, ஈஸ்ட்டின் அளவைப் பாதியாக்கி, மூடிவைத்து உறங்கச் செல்லலாம், விடியலில் மாவு நிறைந்திருக்கும். மெல்லப் புளித்த மாவுக்கு மணமும் மிகுதி. இரவுத் திருப்பலிக்குச் செல்லுமுன் பிசைந்து வைத்துவிட்டு, திரும்பி வந்து உறங்கி எழுந்து சுடுவதற்கு இது மிகவும் வசதி.

சாமை நம் மலையின் பழம்பயிர். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சரிவுகளில் விதைத்து வந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் நகரத்தார் அதன் பெருமை பேசுகின்றனர். ஆனால் சாமையில் கோதுமையின் பசைச்சத்து இல்லை. ஆகவே சாமை மாவை மட்டும் கொண்டு சுருள் ரொட்டி செய்ய இயலாது. அது வாயுவைப் பிடித்து வைக்காமல் விட்டுவிடும். ஐந்தில் ஒரு பங்கு சாமை, நான்கு பங்கு மைதா என்று கலந்தால் உப்புதலும் கெடாது. மாவுக்கு ஒரு தனிச் சுவையும் வரும். சாமையரிசியை வெறும் சட்டியில் இளம்சூட்டில் வறுத்து, ஆறவைத்து, மிக நைசாக அரைத்துச் சலித்துக்கொள்க.

மலைத்தேனைச் சுடும் மாவில் சேர்த்து வீணாக்க வேண்டா. ரொட்டி வெந்து இறங்கியபின் மேலே தடவினால் அதன் மணம் அப்படியே நிற்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் எவ்வகையிலும் கொடுக்கலாகாது.

செய்முறை

மாவுக்கு: மைதா 400 கிராம், சாமை மாவு 100 கிராம், வெதுவெதுப்பான பால் 250 மில்லி, சர்க்கரை 60 கிராம், காய்ந்த ஈஸ்ட் 2 தேக்கரண்டி, உருக்கி ஆறிய வெண்ணெய் 60 கிராம், முட்டை ஒன்று, உப்பு ஒரு தேக்கரண்டி.

உள்ளே பரப்புவதற்கு: மென்மையான வெண்ணெய் 75 கிராம், நாட்டுச்சர்க்கரை 120 கிராம், சுருள் பட்டைத்தூள் 10 கிராம் (ஏறத்தாழ 4 தேக்கரண்டி).

முதலாவது, ஈஸ்ட் உயிரோடுள்ளதா என்று பார்க்க வேண்டும். பாலில் விரலை வைத்தால் சுடாமல் இதமாக இருக்க வேண்டும். கொதிக்கும் பால் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். அப்பாலில் ஒரு கரண்டிச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து பத்து நிமிடம் வைக்க. நுரைத்துப் பொங்கினால் நன்று. பொங்காவிடில் அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிடுக; நல்ல மாவை அதற்குப் பலியிட வேண்டா.

இரண்டாவது, இரு மாவுகளையும் உப்பையும் மீதிச் சர்க்கரையையும் அகன்ற பாத்திரத்தில் கலந்து, நடுவே குழித்து, ஈஸ்ட் பாலையும் முட்டையையும் விட்டுப் பிசைக. ஒன்று சேர்ந்தபின் வெண்ணெயைச் சேர்த்து, பலகைமேல் போட்டு, உள்ளங்கையால் தள்ளியும் மடித்தும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசைய வேண்டும். முதலில் கையில் ஒட்டும். மேலும் மேலும் மாவு தூவாதீர். பிசையப் பிசைய ஒட்டல் நீங்கி, குழந்தையின் கன்னம்போல் மிருதுவாகும். ஒரு சிறு துண்டை விரல்களால் விரித்தால் உடனே கிழியாமல் மெல்லிய திரைபோல் விரிய வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய் தடவிய பாத்திரத்தில் இட்டு, ஈரத்துணியால் மூடி, இருமடங்காகும்வரை வைக்க. கடிகாரத்தைப் பாராமல் மாவைப் பாருங்கள். விரலால் குத்தினால் குழி மெல்ல மெல்ல மேலெழ வேண்டும், அதுவே பதம்.

நான்காவது, மாவை அழுத்தி வாயுவை வெளியேற்றி, இரு பங்காக்குக. ஒவ்வொரு பங்கையும் 30 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஏடாகத் தேய்க்க. தேய்க்கும்போது மாவு பின்னுக்கு இழுத்தால் வலிந்து தேய்க்காமல் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுக்க. வெண்ணெயைத் தடவி, சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்த கலவையைச் சமமாகத் தூவி, நீளப்பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டுக.

ஐந்தாவது, இரண்டு சுருள்களையும் எண்ணெய் தடவிய நீள்சதுரத் தட்டில் அருகருகே கிடத்தி, உள்ளங்கையால் சற்றே தட்டையாக்கி, மூடி, முக்கால் மணி நேரம் மீண்டும் உப்பவிடுக. பிறகு 180 பாகை வெப்பத்தில் 25 முதல் 30 நிமிடம் சுடுக. மேற்புறம் பொன்னிறமாகி, நடுவில் குத்திய ஈர்க்குச்சியில் பச்சை மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. சூட்டோடு தேன் தடவி, ஆறியபின் குறுக்காக நறுக்கினால், சுருளுக்குப் பத்தாக இருபது வில்லைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பட்டைச் சுருளின் கோலம் தெரியும். சூடாயிருக்கும்போதே நறுக்கினால் கோலம் நசுங்கிப்போகும்.

ஓவன் இல்லாத வீட்டில்

மின்சார ஓவன் எல்லா வீட்டிலும் இராது. பழைய குக்கர் ஒன்று போதும். அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குக் கல்லுப்பையோ சுத்தமான மணலையோ பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைக்க. மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் எடையையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றலாகாது. பத்து நிமிடம் மிதமான தீயில் காய்ந்தபின், மாவு வைத்த வட்டத் தட்டை இறக்கி, மூடி, சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம் வைக்க. தட்டு சிறியதாகையால் மேற்சொன்ன அளவில் பாதியே போதுமானது. மேற்புறம் சற்று வெளுத்திருக்கும், குறையில்லை.

விறகடுப்பு உள்ளோர், கனத்த குண்டானில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் இட்டுச் சுடலாம். நம் பாட்டிமார் கேக் சுட்ட முறை இதுவே. தீ மேலிருந்தும் கீழிருந்தும் வருவதால் மேற்புறமும் சிவக்கும். பிள்ளைகளை மட்டும் அருகே விடாதீர்.

வீட்டிலிருந்து சந்தைக்கு

2015 ஏப்ரல் 7-ஆம் நாளை ஜவ்வாது மலை மக்கள் மறக்கமாட்டார்கள். ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டு, தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பலர் இம்மலைக் கிராமத்தார். மலையில் வேலை இல்லாமையே மக்களைத் தரகரின் கைக்குள் தள்ளுகிறது. ஒரு தட்டு ரொட்டி இத்துயரைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் சாமை மூட்டையாகவும் தேன் டின்னாகவும் கீழே இறங்கி, பிஸ்கட்டாகவும் கேக்காகவும் பலமடங்கு விலையில் மேலே ஏறி வருவதைக் காணும்போது, இடையிலுள்ள அந்த வேலையை ஏன் நம் பெண்களே செய்யலாகாது என்னும் கேள்வி எழாமல் இல்லை.

மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு ஓவன் வாங்கினால், விழாக் காலங்களிலேனும் பக்கத்து ஊர்களுக்கு இப்பண்டத்தை விற்கலாம். பீமன் நீர்வீழ்ச்சிக்கும் வானாய்வகத்துக்கும் வரும் வெளியூரார் மலையின் சுவை ஒன்றைத் தேடி வாங்கவே விரும்புகின்றனர். விற்பனைக்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறுவதும், உண்மைப் பட்டையைப் பயன்படுத்தி அதனை உறைமேல் தெளிவாக எழுதுவதும் வேண்டும். விலை மலிவான பட்டையைப் போட்டு விலையுயர்ந்த பட்டையின் பெயரை எழுதுவது, எடையில் கள்ளம் செய்வதற்கு ஒப்பாகும்.

பகிர்ந்து உண்ணுக

நற்செய்தி உவமையில் அப்பெண் பிசைந்த மூன்று மரக்கால் மாவு, அறிஞர் கணக்குப்படி ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளளவு. அது ஒரு குடும்பத்துக்கான மாவன்று. நூறு பேருக்கு மேல் உண்ணத்தக்கது. அவள் தன் வீட்டுக்காக மட்டும் பிசைந்தவள் அல்லள் என்பது அவ்வளவிலேயே விளங்குகிறது. செவ்வாய்தோறும் புனித அந்தோணியார் கெபியருகே ரொட்டி பகிரும் வழக்கம் நம் பங்குகளில் இன்றும் உண்டு; அதன் உட்பொருளும் இதுவே.

நாம் தந்த அளவுக்கு இருபது வில்லைகள் வரும். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு இரண்டென எட்டு போதும். சிறு பிள்ளைக்கு அன்றைக்கு ஒன்றே கொடுத்து, மற்றொன்றை மறுநாளுக்கு எடுத்து வைக்கலாம். மீதிப் பன்னிரண்டு எங்கே போக வேண்டும் என்பதை அன்னையரே அறிவர். தனித்து வாழும் முதியவர் ஒருவர், தந்தை வெளியூர் சென்றிருக்கும் பிள்ளைகள் உள்ள வீடு, வேறு சமயத்து அண்டைவீட்டார் என்று எண்ணிப் பார்த்தால், பன்னிரண்டும் போதாமற் போகும். அப்போது மறுபடியும் மாவு பிசையுங்கள்.